பறை முழக்கும் பெண்கள்!

தெருமுனையில் பறை முழங்குகிறது. கூட்டம் கூடுகிறது. வந்தவர்கள் வியந்து பார்க்கிறார்கள். அடிப்பவர்களில் ஓர் ஆண் கூட இல்லை. அத்தனை பேரும் பெண்கள்!

புடவையை இழுத்துச் செருகியிருக்கிறார்கள். காலில் சலங்கை. தோளில் பறை. அடித்துக்கொண்டே ஆடுகிறார்கள். ஆட்டத்தின் நடுவே பாட்டு வருகிறது. பாட்டோடு சேதியும் வருகிறது. "வரதட்சணை வேண்டாம், பெண் குழந்தையைக் கொல்லாதே, சாதி பார்க்காதே" என்பதுதான் அந்தச் சேதி.

இவர்கள் திண்டுக்கல் "சக்தி" கலைக் குழுவைச் சேர்ந்த பெண்கள்.

சக்தி நாட்டுப்புறக் கலை மையம் 1990-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. தொடங்கியவர் சந்திரா என்ற கன்னித் துறவி. அங்கு வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைத் தலித் குடும்பத்துப் பெண்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் பலர். அவர்களுக்குப் பறை சொல்லிக் கொடுத்தார்கள். ஒயிலாட்டம், கும்மி, கோலாட்டமும் கற்றுக் கொடுத்தார்கள். கூடவே தையல் வேலையும் உண்டு.

பெண் தொடலாமா?

பெண்கள் கும்மி அடித்தார்கள். நாற்று நடும்போது பாடினார்கள். சாவு வீட்டில் ஒப்பாரி வைத்தார்கள். ஆனால் பறை மட்டும் ஆண்களின் கையில் இருந்தது. பெண் அதைத் தொடுவது வழக்கம் இல்லை.

ஆண்களாவது விருப்பப்பட்டு அடித்தார்களா? அதுவும் இல்லை. மேல்தெருவில் சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் வரும். கூப்பிட்டதும் போக வேண்டும். அடிக்கச் சொன்ன நேரம் எல்லாம் அடிக்க வேண்டும். மாட்டேன் என்று சொன்னால் வம்பு. இசை, இங்கே ஒரு விலங்கு ஆகிவிட்டது.

பழங்காலத்தில் பறைக்கு இந்த இழிவு இல்லை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை உண்டு. அதைத் தொல்காப்பியத்தில் காணலாம். "பறைதல்" என்றால் சொல்லுதல் என்று பொருள். ஊருக்குச் சேதி சொன்ன கருவி அது.

தில்லையின் கதை

தோல் கருவிக்கும் சாதிக்கும் உள்ள உறவு எவ்வளவு பழையது? அதை அறியச் சிதம்பரம் பக்கம் போக வேண்டும்.

நந்தனார் கதை எல்லோருக்கும் தெரியும். சிதம்பரம் நடராசரைக் காண ஏங்கியவர் அவர். கொள்ளிடக் கரையில் உள்ள ஆதனூர் அவருடைய ஊர். கதையில் பலர் கவனிக்காத ஒரு சேதி இருக்கிறது. நந்தனார் கோவில்களுக்குக் கொடுத்தது என்ன தெரியுமா? முரசுகளுக்குத் தோலும் வாரும்! யாழுக்கும் வீணைக்கும் நரம்பு! பெரிய புராணம் அதைச் சொல்கிறது.

அவர் கொடுத்த தோல் கோவிலுக்குள் போய் முழங்கியது. கொடுத்தவரோ வாசலில் நின்றார். தில்லைக்குள் போவதற்கு முன் அவர் தீயில் மூழ்கி எழ வேண்டியிருந்தது என்று கதை முடிகிறது. தோலுக்கு அந்தச் சோதனை இல்லை!

"அடிக்க மாட்டோம்!"

அதே கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இன்னொரு குரலும் எழுந்தது. காட்டுமன்னார்கோவிலைச் சேர்ந்த எல். இளையபெருமாளின் குரல் அது. அவர் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். 1965-ல் மத்திய அரசு அமைத்த தீண்டாமை ஆய்வுக் குழுவின் தலைவரும் அவர்தான். அந்தக் குழு 1969-ல் அறிக்கை கொடுத்தது.

சாவுக்குப் பறை அடிப்பதை விட்டு விடுங்கள் என்று அவர் தம் மக்களிடம் சொன்னார். செத்த மாட்டைத் தூக்குவதையும் விடச் சொன்னார். அடிமை வேலையின் அடையாளத்தைச் சுமந்துகொண்டே மானத்தோடு வாழ முடியுமா என்பது அவர் பக்கத்து நியாயம்.

பறையை வீசி எறி என்பது ஒரு வழி. பறையைக் கையில் எடு என்பது இன்னொரு வழி. எது சரி?

இரண்டும் எதிரெதிர் போலத் தோன்றும். கூர்ந்து பார்த்தால் அப்படி இல்லை. இளையபெருமாள் எதிர்த்தது பறை ஓசையை அல்ல. பிறர் கட்டளைக்கு அடிப்பதை. சக்திப் பெண்கள் யாருடைய கட்டளைக்கும் அடிப்பதில்லை. எங்கே அடிப்பது, எதற்காக அடிப்பது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள்.

ஆனாலும் கேள்வி முழுவதும் தீர்ந்துவிடவில்லை. மேடையில் பறைக்குக் கை தட்டுகிறவர் எல்லோரும், ஊரில் பறை அடிப்பவரை வீட்டுத் திண்ணையில் உட்கார வைப்பதில்லை.

தீயில் காயும் தோல்

பறை பார்க்க எளிய கருவிதான். வளைந்த மரத் துண்டுகளை இணைத்து வட்டமாகச் சட்டம் செய்கிறார்கள். அதன் மேல் மாட்டுத் தோலை இழுத்து ஒட்டுகிறார்கள். ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை! இரண்டு குச்சிகள் வேண்டும். ஒன்று குட்டை, தடிமன். மற்றது நீளம், மெல்லிய மூங்கில் சிம்பு.

அடிக்கும் முன் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்ச வேண்டும். இல்லாவிட்டால் தோல் தளர்ந்து ஓசை மந்தமாகிவிடும். நின்ற இடத்தில் அடித்தால் போதாது. காலும் தாளத்தோடு போக வேண்டும். பாரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிந்து, நிமிர்ந்து, சுழன்று ஆட வேண்டும். பெண்ணுக்கு வலு போதாது என்று சொன்னவர்கள் இந்த ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்!

கடல் கடந்த உறவு

அமெரிக்காவில் "பாஞ்சோ" என்ற தந்திக் கருவி உண்டு. அங்குள்ள மலைநாட்டு மக்களின் "புளூகிராஸ்" இசைக்கு அதுவே உயிர். ஆனால் பாஞ்சோவைக் கொண்டு வந்தவர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள். பழைய பாஞ்சோ என்பது சுரைக்குடுக்கையும் தோலும்தான். பின்னர் வெள்ளையர் அதை எடுத்துக்கொண்டார்கள். யார் கொடுத்தது என்பது மறந்து போயிற்று.

2019-ல் ரியானன் கிட்டன்ஸ் என்ற பாடகியும் இன்னும் 3 கறுப்பினப் பெண்களும் சேர்ந்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். கையில் பாஞ்சோ. பாட்டில் அடிமைப்பட்ட தங்கள் பாட்டிமார்களின் கதை. திண்டுக்கல்லுக்கும் அவர்களுக்கும் கடல் பல குறுக்கே. செய்த வேலை மட்டும் ஒன்று.

அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். பீகாரில், பாட்னா அருகே திப்ரா என்ற கிராமத்தில், தலித் பெண்கள் 2016-ல் ஒரு வாத்தியக் குழு தொடங்கினார்கள். கூலி வேலை செய்தவர்கள் அவர்கள். இப்போது கல்யாண ஊர்வலத்தில் டிரம் அடித்துச் சம்பாதிக்கிறார்கள். ஊக்கம் கொடுத்தவர் பத்மஸ்ரீ சுதா வர்கீஸ்.

சக்திப் பெண்களின் கதை 2018-ல் படமாகவும் வந்தது. ஜோயி ஷெரினியன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் அதை எடுத்தார். அவர் வெறுமனே படம் பிடித்துவிட்டுப் போகவில்லை. பறை அடிக்கவும் கற்றுக்கொண்டார். தமிழ்நாட்டுச் சேரியின் கருவியை, கடல் கடந்து வந்த பேராசிரியை ஒருவர் தோளில் மாட்டிக்கொண்டு பாடம் கேட்டார்!