ஆலையூர் யாருக்கு?

பழைய பேட்டைகளை இடித்து, வீடும் கடையும் காரியாலயமும் ஒரே வளாகத்தில் கலந்திருக்கும்படி புதிதாகக் கட்டினால், செத்துக் கிடக்கும் நகரப் பகுதிகள் உயிர் பெறும் என்று இன்று பெரிய நகரங்களில் எல்லாம் பேசப்படுகிறது. இந்த யோசனையை நாம் வெறுக்கவில்லை. வேலை ஸ்தலத்துக்கு நடந்தே போய் வருவதும், வாசற்படியிலேயே சாமான் வாங்குவதும், இரவு பத்து மணிக்கும் ஆள் நடமாட்டமுள்ள தெருவில் குடியிருப்பதும் யாருக்கு வேண்டாம்? ஆனால் அந்தப் பகுதி எவ்வாறு செத்தது, உயிர் பெற்ற பின்பு அதில் வாழ்பவர்கள் யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் கைதட்ட நாம் தயாராக இல்லை. மும்பையின் ஆலைப் பேட்டை இதற்குத் தக்க சாட்சி.

காவஸ்ஜி நானாபாய் தாவர் 1854-ல் அந்நகரில் முதல் நூற்பாலைக் கம்பெனியை ஏற்படுத்தினார். அதன் பின்பு பரேல், லால்பாக், வர்லி முதலிய இடங்களில் ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. அப்பகுதிக்கு மராட்டியில் ‘கிரண்காவ்’, அதாவது ஆலையூர், என்றே பெயர் வழங்கிற்று. கொங்கணத்திலிருந்தும் மலைத்தொடருக்கு அப்பாலிருந்தும் வந்த உழவர் மக்கள் ‘சால்’ எனப்படும் மாடிக் கட்டிடங்களின் ஒற்றை அறைகளில் குடும்பம் நடத்தினார்கள். மேலே குடித்தனம், கீழே கடை, கூப்பிடு தூரத்தில் ஆலை வாசல். குடும்பத்தைக் கிராமத்தில் விட்டுத் தனியே வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டே பல பெண்கள் ஜீவனம் செய்தார்கள். அந்த அறைகளின் நெரிசலையும் இருட்டையும் நாம் புகழ வரவில்லை. ஆயினும், வீடும் தொழிலும் வியாபாரமும் கலந்த பேட்டையைத் தாங்களே கண்டுபிடித்தது போல இன்றைய நிபுணர்கள் பேசும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. 1908 ஜூலையில் திலகருக்கு ஆறு வருஷத் தண்டனை விதிக்கப்பட்டதும், வருஷத்துக்கு ஒரு நாளாக ஆறு நாட்கள் வேலைநிறுத்தம் செய்தவர்கள் இந்த ஒற்றை அறைக்காரர்களே.

1982 ஜனவரி 18-ல் டாக்டர் தத்தா ஸாமந்தின் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அது முடிந்துவிட்டதாக முறைப்படி எவரும் அறிவிக்கவே இல்லை. பல ஆலைகள் திரும்பத் திறக்கவும் இல்லை. இயந்திரங்கள் துருப்பிடிக்க, அவற்றின் அடியில் கிடந்த நிலத்தின் விலை ஏறிற்று. நகரின் நடுவே சுமார் 600 ஏக்கர்! துணி நெய்வதைவிட நெசவுக் கூடத்தை விற்பதே லாபம் என்று கண்டபின் எந்த முதலாளிக்குத் தறியை ஓட்ட மனம் வரும்?

1991-ல் நகர அபிவிருத்தி விதிகளில் 58-வது விதி ஏற்பட்டது. ஆலை நிலத்தை வேறு காரியத்துக்கு மாற்றுபவர்கள் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் பூங்கா, மைதானம் முதலியவற்றுக்காக நகரசபைக்கும், இன்னொரு பங்கைப் பொதுஜன வீட்டு வசதிக்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியதைத் தாங்கள் அனுபவிக்கலாம் என்பது அதன் சாரம். நியாயமான ஏற்பாடு என்றே நாம் கருதுகிறோம். 2001-ல் அந்த விதி திருத்தப்பட்டது. பங்கிடப்பட வேண்டியது மொத்த நிலமன்று, கட்டிடம் இல்லாத வெற்று நிலம் மாத்திரமே என்று ஆயிற்று. ஆலை என்றாலே கட்டிடந்தானே! சுவருக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள முற்றத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டு எத்தனை வீடு கட்டுவது, எத்தனை மரம் நடுவது? பொதுஜனங்களின் பாகம் ஒரு சொல்லினால் கரைந்து போயிற்று.

பழைய விதிக்கு இணங்கி ஆலை முதலாளிகள் முன்வரவில்லை என்றும், நிலம் விற்றால்தான் தொழிலாளரின் பாக்கி தீரும் என்றும் திருத்தத்தை ஆதரித்தவர்கள் வாதித்தார்கள். பாக்கி விஷயத்தில் ஓரளவு உண்மை உண்டு; ஆனால் கடனைத் தீர்ப்பதற்கு, கடன் கொடுத்தவன் வீட்டையே விற்க வேண்டுமா? விவகாரம் நீதிமன்றம் சென்றது. 2005 அக்டோபரில் பம்பாய் ஹைகோர்ட் பொதுஜனங்களின் பக்கம் தீர்ப்பளித்தது. 2006 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்துசெய்து திருத்தத்தை நிலைநிறுத்தியது.

மத்திய சர்க்காருக்குச் சொந்தமான தேசிய நெசவுக் கார்ப்பரேஷன் தன் ஆலைகளில் சிலவற்றை 2005-ல் ஏலம் விட்டது. அவற்றுள் மும்பை டெக்ஸ்டைல் ஆலையின் சுமார் 17 ஏக்கர் நிலம் 702 கோடி ரூபாய்க்குப் போயிற்று. வாங்கிய கம்பெனி 2012-ல் சுமார் 2,700 கோடிக்கு அதைக் கைமாற்றியது. தேசத்தின் சொத்து ஏழு வருஷத்தில் ஏறக்குறைய நான்கு மடங்காகப் பெருகியது. பெருக்கம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இன்று அங்கே ஆடம்பரக் கடைகளும், காரியாலயங்களும், வானளாவிய மாளிகைகளும் கலந்து நிற்கின்றன. காரியாலயங்களுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் தினந்தோறும் ரயிலில் வருகிறார்கள். தெருவும் பாலமும் மாத்திரம் அதற்கேற்ப வளரவில்லை. 2017 செப்டம்பர் 29-ந் தேதி காலை, எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷனின் குறுகிய நடைபாலத்துப் படிக்கட்டில் மழைக்கு ஒதுங்கி நெருக்குண்ட கூட்டத்தில் 23 பேர் மாண்டார்கள். மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 29-ல், கமலா மில்ஸ் வளாகத்து மாடி விடுதிகளில் நள்ளிரவுக்குப் பின் பிடித்த தீ 14 பேரைக் கொன்றது. உயிர் கொடுப்பதாகச் சொன்ன ஏற்பாட்டின் கணக்கில் இந்த உயிர்களும் சேர வேண்டாமா?

பழைய ஆலையூர்வாசிகளின் கதி என்ன? ஆலை நிலத்தில் கட்டிய வீடுகளில் 6,925 வீடுகள் 2012-ல் சீட்டுக் குலுக்கித் தொழிலாளருக்கு வழங்கப்பட்டன. விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களோ சுமார் ஒன்றரை லட்சம் பேர். அதன் பிறகும் தவணை தவணையாகச் சில ஆயிரம் வீடுகளே கிடைத்தன. மற்றவர்களை நகருக்கு வெளியே, கர்ஜத் ரயில் மார்க்கத்தில் உள்ள வாங்கணி, சேலு போன்ற தொலைவிடங்களில் குடியேற்றலாம் என்ற யோசனை வந்தபோது, 2025 ஜூலையில் தொழிலாளரும் அவர்கள் வாரிசுகளும் ஆஜாத் மைதானத்தில் திரண்டார்கள். தாங்களும் தங்கள் முன்னோரும் உழைத்த நகரத்துக்குள்ளேயே வீடு வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.