கரண்ட் வந்ததும் தானாக ஓடும் இயந்திரம்: பட்டறையில் முதலில் மாற்ற வேண்டியது எது?

வியாபாரிகள் வாசிக்கும் பக்கத்தில் இரும்பு வெட்டும் இயந்திரத்துக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். மாத்தளை முதல் தம்புள்ளை வரை மிளகாய், மல்லி அரைக்கும் மில், மர ஆலை, பேக்கரி என்று எந்தத் தொழிலை எடுத்தாலும் அதற்குப் பின்னால் ஒரு லேத் பாஸ் இருக்கிறார். மில்லின் தண்டு தேய்ந்தாலோ, புல்லியைத் தண்டோடு பூட்டும் கீ உட்காரும் காடி கெட்டாலோ அவரிடம்தான் போகவேண்டும். மிளகு அறுவடைக் காலத்தில் ஒரு மில் இரண்டு நாள் நின்றால் ஏற்படும் நட்டத்தை மில்காரரைத்தான் கேட்கவேண்டும்.

அத்தகைய ஒரு சிறு பட்டறை என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அங்குள்ள மில்லிங் மெஷின் ஜப்பானிலிருந்து பாவித்த இயந்திரமாக இறக்குமதியானது. மோட்டார் 1.5 கிலோவாட், அதாவது இரண்டு குதிரைவலு. அதன் மின்கட்டுப்பாட்டை முழுமையாக மாற்றியமைத்ததில் கற்றுக்கொண்டவை மில்காரருக்கும் பேக்கரிக்காரருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

உடம்பு உறுதி, கட்டுப்பாடு பழசு

மில்லிங் மெஷினின் உடம்பு வார்ப்பிரும்பு. எண்ணெய் விட்டுப் பராமரித்தால் இரண்டு தலைமுறைக்கு உழைக்கும். உலகின் பல பட்டறைகளில் காணப்படும் பிரிட்ஜ்போர்ட் வகை மில்லிங் மெஷின் அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அவ்வகையில் அரை நூற்றாண்டு கடந்த இயந்திரங்கள் இன்றும் வேலை செய்கின்றன. ஆனால் அவற்றின் சுவிட்ச், வயர், ரிலே ஆகியவற்றுக்கு அந்த ஆயுள் இல்லை. வயரின் உறை வெடிக்கும். சுவிட்சின் செம்பு முனைகள் கருகும். இயந்திரமே கெட்டுவிட்டது என்று எண்ணி அதைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். உடம்பு நன்றாக இருந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டியை மட்டும் மாற்றுவது புது இயந்திரம் வாங்குவதைவிட மிகக் குறைந்த செலவில் முடியும்.

பெயர்த்தகட்டை வாசியுங்கள்

செலவு செய்ய முன்னர் மோட்டாரின் பெயர்த்தகட்டை வாசிக்க வேண்டும். நம் நாட்டு வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் சிங்கிள் பேஸ். தொழிற்சாலைகளுக்கு 400 வோல்ட் த்ரீ பேஸ். மீடிறன் 50 ஹேர்ட்ஸ். ஜப்பானில் நிலைமை வேறு. அங்கே த்ரீ பேஸ் என்பது 200 வோல்ட். மீடிறனும் நாட்டின் கிழக்கில் 50, மேற்கில் 60 ஹேர்ட்ஸ். எனவே ஜப்பானிய மோட்டாரை நமது 400 வோல்ட் இணைப்பில் நேரடியாகக் கொடுத்தால் அது எரிந்துவிடும்.

ஐரோப்பிய மோட்டாரில் 230/400 என்று இருந்தால் அதை 230 வோல்ட்டுக்கு டெல்டாவாகவும் 400 வோல்ட்டுக்கு ஸ்டாராகவும் இணைக்கலாம். 400/690 என்றிருந்தால் வீட்டு மின்சாரத்தில் இயங்கும் சாதாரண இன்வர்ட்டர் அதற்குப் பொருந்தாது. பழைய இயந்திரம் வாங்கப் போகிறவர் விலை பேச முன்னரே இந்தத் தகட்டைக் கைபேசியில் படம் பிடித்து, விபரம் தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது.

எங்கள் வீட்டில் சிங்கிள் பேஸ் மட்டுமே உண்டு. அதற்குத் தீர்வு வீ.எப்.டி. என்னும், கடைகளில் இன்வர்ட்டர் என்றே கேட்கப்படும் சாதனம். அது 230 வோல்ட் சிங்கிள் பேஸை வாங்கி த்ரீ பேஸாகக் கொடுக்கும். வெளியீட்டை 200 வோல்ட்டுக்கு அமைத்துக்கொள்ளலாம். மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் என்பதால் தொடக்கத்தில் வீட்டு பல்புகள் மங்குவதில்லை. நேரடியாகக் கிளப்பினால் மோட்டார் தன் வழமையான மின்னோட்டத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு வரை ஒரு கணம் இழுக்கும்.

ஒரு பொடியனின் கை

இவ்வளவும் வசதி பற்றியது. என்னைச் செலவுக்குத் தள்ளியது வேறொரு விடயம்.

2022ஆம் ஆண்டின் மின்வெட்டை யாரும் மறந்திருக்க முடியாது. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. 1976 முதல் உக்குவளையில் நீர்மின் நிலையம் இயங்கும் எங்கள் மாவட்டத்துக்கும் அதில் விலக்கு இருக்கவில்லை. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று நிச்சயமில்லாத நாட்கள் அவை.

இயந்திரத்தோடு வந்த சுவிட்ச் பழைய திருகு சுவிட்ச். கரண்ட் போனாலும் அது திருகிய இடத்திலேயே நிற்கும். ஒரு நாள் வேலையின் நடுவே கரண்ட் போனது. பட்டறையில் வேலை பழகும் பொடியன், நின்றுபோன கட்டரைச் சுற்றியிருந்த இரும்புத் துகளைத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தான். திடீரெனக் கரண்ட் வந்தது. கட்டர் சுழன்று தூரிகையைப் பிடுங்கி எறிந்தது. அவனுடைய விரலுக்கும் கட்டருக்கும் இடையில் அரைச் சாண் இடைவெளி இருந்ததால் கை தப்பியது.

மின்வெட்டு அட்டவணை முடிந்துவிட்டது என்று இதை விட்டுவிட முடியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. அன்று எத்தனை மில்களில் சுவிட்ச் ஓனிலேயே இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாற்றியது எப்படி?

முதலில் கொன்டெக்டர். பச்சைப் பொத்தானை அழுத்தினால் காந்தம் பிடித்து இணைப்பைக் கொடுக்கும். கரண்ட் போனால் பிடி விடும். கரண்ட் திரும்பி வந்தாலும் யாராவது பச்சைப் பொத்தானை மீண்டும் அழுத்தும்வரை இயந்திரம் அசையாது. சிறிய இயந்திரங்களுக்கு இதே வேலையைச் செய்யும் சுவிட்ச் தனியாகவே கிடைக்கிறது.

இரண்டாவது, அவசர நிறுத்தம். மஞ்சள் பின்னணியில் காளான் வடிவச் சிவப்புப் பொத்தான். அழுத்தினால் அழுந்தியபடியே நிற்க வேண்டும். அதன் வயர் அறுந்தாலும் இயந்திரம் நிற்கும் விதமாக இணைக்க வேண்டும். இயந்திரத்துக்குப் பின்னால் அல்ல, வேலை செய்பவரின் கை உடனே எட்டும் இடத்தில் அது இருக்கவேண்டும்.

மூன்றாவது, கட்டுப்பாட்டு மின்சாரத்தை 24 வோல்ட்டாகக் குறைத்தோம். எண்ணெயும் தண்ணீரும் தெறிக்கும் இடத்தில் பொத்தான்களுக்கு 230 வோல்ட் போவது நல்லதல்ல.

இன்வர்ட்டர் வைப்பவர்கள் சில விடயங்களைக் கவனிக்க வேண்டும். கரண்ட் வந்ததும் தானாக ஓடும் வசதி அதன் அமைப்பில் இருந்தால் அதை மூடிவிட வேண்டும். இன்வர்ட்டருக்கும் மோட்டாருக்கும் இடையில் சுவிட்ச் வைத்து, ஓடும்போது துண்டிக்கக்கூடாது. மெயினை நிறுத்திய பின்னரும் அதன் உள்ளே ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும். கையேட்டில் சொல்லப்பட்ட நிமிடங்கள் கழியாமல் மூடியைத் திறக்கக்கூடாது. மோட்டாரை நீண்ட நேரம் மிக மெதுவாக ஓட்டினால் அதன் விசிறியும் மெதுவாகச் சுற்றி, மோட்டார் சூடாகும். கனமான வெட்டுக்கு வேகத்தைக் குறைக்க பெல்ட்டை மாற்றுவதே முறை.

இன்வர்ட்டரிலிருந்து ஏர்த்துக்குச் சிறிதளவு மின்சாரம் கசிவது இயல்பு. இதனால் வீட்டின் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழலாம். தொல்லை என்று அதைக் கழற்றி எறிபவர்கள் உண்டு. அது உயிரோடு விளையாடுவது. இன்வர்ட்டருக்குத் தனி வயரிங் எடுத்து, தயாரிப்பாளர் குறிப்பிடும் வகை ட்ரிப் சுவிட்சைப் பொருத்த வேண்டும். இந்த வேலையை என்.வீ.கியூ. சான்றிதழ் பெற்ற மின்னிணைப்பாளரிடம் கொடுப்பதே நல்லது.

முதலாளியின் கணக்கு

"இத்தனை வருடம் ஓடியதுதானே நானா, எதற்கு வீண் செலவு?" என்று ஒரு நண்பர் கேட்டார். பொத்தான்களுக்கும் கொன்டெக்டருக்கும் ஆன செலவு, இன்வர்ட்டரின் விலையில் ஒரு பகுதிதான். இன்வர்ட்டருக்கு இப்போது வசதியில்லாதவர்கள் அதைப் பிறகு வாங்கலாம். நிறுத்தும் பொத்தானைப் பிற்போட வேண்டாம்.

மறுபக்கத்தையும் கணக்கில் எடுங்கள். இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதை 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கூறுகிறது. வேலையின்போது காயப்படும் தொழிலாளிக்கு முதலாளி நட்டஈடு வழங்கவேண்டும் என்பதற்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். நம்மை நம்பிப் பிள்ளையை வேலை பழக அனுப்பிய தாய்க்கு நாம் என்ன பதில் சொல்வது?

உங்கள் மில்லிலோ பேக்கரியிலோ இன்றே ஒரு சோதனை செய்யலாம். இயந்திரத்தில் சாமான் எதுவும் போடாமல் வெறுமனே ஓடவிடுங்கள். அருகில் எவரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். இயந்திரம் முற்றாக நின்று ஓரிரு நிமிடங்கள் கழித்து மெயினை மீண்டும் போடுங்கள். இயந்திரம் சும்மா நின்றால் நல்லது. தானாக ஓடத் தொடங்கினால், அடுத்த மின்தடைக்கு முன்னர் மின்னிணைப்பாளரை அழைத்துவிடுங்கள்.