புயலைத் துரத்துபவனுக்கு எந்த சிம் கார்டு?

டெக்சாஸ் மாநிலத்தின் வடக்குப் பகுதி வரைபடத்தில் வாணலியின் கைப்பிடி போல நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே வெலிங்டன் என்று ஒரு சிற்றூர். அதைத் தாண்டி 83-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போனால், சாலை மெல்லச் சரிந்து ரெட் நதியின் கிளையாறு ஒன்றைக் கடக்கிறது. 2023 மே மாதத்தில் ஒரு மாலை, நானும் என் அலுவலக நண்பரும் அந்தச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தோம். வண்டியை அவர் ஓட்டினார். மடியில் செல்பேசியை வைத்துக்கொண்டு ரேடார் படத்தைப் பார்த்து வழி சொல்வது என் வேலை. படத்தில் இடிமழையின் சிவப்புத் திட்டு எங்களுக்கு மேற்கே 10 கிலோமீட்டர் தள்ளி சாதுவாக உட்கார்ந்திருந்தது. "தாராளமாக நேரம் இருக்கிறது" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, நெல்லிக்காய் அளவு ஆலங்கட்டி ஒன்று முன்கண்ணாடியில் வந்து விழுந்தது. அடுத்தது எலுமிச்சை அளவு. கண்ணாடியில் சிலந்தி வலை போல விரிசல். நண்பர் ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பித் தெற்கே விரட்டினார். பிறகுதான் படத்தின் மூலையில் பொடி எழுத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தேன். 13 நிமிடம் பழைய படம். ஆற்றுப் பள்ளத்துக்கு வெகு முன்பே சிக்னல் போயிருக்கிறது. செயலி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், கடைசியாக வந்த படத்தையே காட்டிக்கொண்டிருந்தது. மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் புயல் 13 நிமிடத்தில் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் வந்துவிடும். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

நான் தொலைத்தொடர்பில் முதுகலை படித்தவன். பத்து வருடங்களுக்கு மேலாகச் செல்பேசி வலையமைப்புகளுக்கு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். அப்படிப்பட்டவன், மாதக் கட்டணம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மலிவுச் சேவையின் சிம்மைப் போட்டுக்கொண்டு அந்தப் பொட்டல்வெளிக்குப் போயிருந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், குற்றம் என்னுடையது. வீட்டுக்குத் திரும்பிய பிறகு ஒழுங்காக உட்கார்ந்து யோசித்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

புயல் துரத்தல் என்றதும் 1996-இல் வந்த 'ட்விஸ்டர்' படம் பலருக்கு நினைவுக்கு வரும். உண்மையில் அதில் பெரும்பகுதி பெட்ரோல் நிலையங்களில் காத்திருப்பதுதான். ஏப்ரல் முதல் ஜூன் வரை, மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்றும் மேற்கு மேட்டு நிலத்தின் வறண்ட காற்றும் டெக்சாஸ், ஓக்லஹோமா, கான்சஸ், நெப்ராஸ்கா சமவெளிகளில் சந்திக்கின்றன. அப்போது தனக்குள்ளேயே சுழலும் ராட்சத இடிமேகங்கள் எழும்புகின்றன. சூப்பர்செல் என்பார்கள். அவற்றில் சில டொர்னேடோ என்னும் சுழல்காற்றைத் தரையில் இறக்கும். நம் ஊர்ப் புயல் மாதிரி மூன்று நாள் முன்பே பெயர் சூட்டிக்கொண்டு வருவதில்லை. பல சமயம் சில நிமிடங்களில் பிறந்து சில நிமிடங்களில் மறைந்துவிடும். துரத்துகிறவர்களில் ஆய்வாளர்கள், தொலைக்காட்சிக்காரர்கள், வானிலைத் துறைக்குத் தகவல் சொல்லும் தன்னார்வலர்கள், எங்களைப் போல வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லோரும் உண்டு.

இவர்கள் எல்லோரும் நம்பியிருப்பது ஒரே ரேடார் வலையமைப்பை. அமெரிக்கா முழுவதும் சுமார் 160 நெக்ஸ்ராட் ரேடார்கள் இருக்கின்றன. மழை நாளில் ஒரு ரேடார் வானத்தை அடியிலிருந்து உச்சி வரை ஒரு சுற்று முடிக்க நாலைந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும். அடிமட்டக் கோணத்தை மட்டும் நடுநடுவே கூடுதலாகச் சுற்றிப் பார்க்கும் வசதி பின்னாளில் வந்தது. ஆக, நெட் பிரமாதமாகக் கிடைக்கும்போது கூட நீங்கள் பார்ப்பது ஒன்றிரண்டு நிமிடமாவது பழைய படம். இதோடு பூமி வேறு உருண்டை. ரேடாரிலிருந்து 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில், அரை டிகிரி கோணத்தில் கிளம்பிய கதிர் தரையிலிருந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டர் உயரத்தில் போகும். அதற்குக் கீழே நடப்பது அதற்குத் தெரியாது. இந்தத் தாமதங்களுக்கு மேல்தான் செல்பேசி நிறுவனம் தன் பங்கைச் சேர்க்கிறது.

விமானிகளுக்கும் இதே சிக்கல் இருந்தது. விமானி அறைத் திரையில் வரும் ரேடார் படம் காட்டும் வயதை விட உண்மையில் 15 முதல் 20 நிமிடம் வரை பழையதாக இருக்கக்கூடும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. 2023-இல் அதை நான் படித்திருக்கவில்லை.

சரி, சிம் கார்டுக்கு வருவோம். கடைக்காரர் முதலில் சொல்வது வேகம். புயல் துரத்துபவனுக்கு அது அநாவசியம். ஒரு ரேடார் படம் 300 கிலோபைட் என்று வையுங்கள். வினாடிக்கு அரை மெகாபிட் கிடைத்தால் 5 வினாடியில் வந்துவிடும். நகரத்தில் வினாடிக்கு 600 மெகாபிட் தருகிறது என்ற விளம்பரத்தால் நமக்குப் பயனில்லை. ஆளில்லாத சாலையில் அந்த அரை மெகாபிட் அறுந்துபோகாமல் வருமா என்பதுதான் கேள்வி.

அதற்கான பதில் பெரும்பாலும் அதிர்வெண்ணில் இருக்கிறது. 700 மெகாஹெர்ட்ஸ் அலையையும் 2500 மெகாஹெர்ட்ஸ் அலையையும் ஒரே தூரத்துக்கு, ஒரே ஆதாயம் கொண்ட ஆண்டெனாக்களோடு அனுப்பினால், இரண்டாவது 11 டெசிபெல் பலவீனமாக வந்து சேரும். அதாவது கிட்டத்தட்ட பன்னிரண்டு, பதின்மூன்று மடங்கு. மேடும் மரமும் குறுக்கிட்டால் வித்தியாசம் இன்னும் கூடும். ஆகவே கோபுரங்கள் 20, 30 கிலோமீட்டருக்கு ஒன்றாக நிற்கும் நாட்டுப்புறத்தில் கீழ் அதிர்வெண்தான் ராஜா. வெரைசன் 2008 ஏலத்தில் பிடித்த 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை, ஏடி அண்ட் டி வைத்திருக்கும் 700-ம் 850-ம், டி-மொபைல் 2017 ஏலத்தில் வாங்கிய 600 மெகாஹெர்ட்ஸ் ஆகியவைதான் சமவெளியில் உங்கள் கைபேசியை உயிரோடு வைத்திருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கைபேசியாக இருந்தால் இந்தப் பட்டைகள் அதில் உண்டா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் எந்த சிம் போட்டாலும் விழலுக்கு இறைத்த நீர்தான்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். கருமேகம் சூழ்ந்ததால் சிக்னல் போயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். 3 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கீழே மழை அலையை விழுங்குவது கணக்கில் எடுக்கத் தகாத அளவு சொற்பம். சிக்னல் போவது தூரத்தால், பள்ளத்தால், மின்சாரம் போய்க் கோபுரத்து பேட்டரி தீர்ந்ததால், அல்லது கோபுரத்தை ஊரோடு இணைக்கும் இழை அறுந்ததால். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது டல்லாஸில் உட்கார்ந்துகொண்டு அம்மாவின் எண்ணை விடாமல் அடித்துக்கொண்டிருந்தவன் நான். வானம் தெளிந்த பிறகும் இணைப்பு வரவில்லை.

இன்னொன்று, கோபுரம் பேசுவது உங்களுக்குக் கேட்பதாலேயே நீங்கள் பேசுவது அதற்குக் கேட்டுவிடாது. கோபுரம் பல பத்து வாட்டில் கத்துகிறது. கைபேசியின் உச்சபட்சக் குரல் 0.2 வாட். திரையில் இரண்டு கோடு தெரிந்தும் படம் இறங்காமல் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தால் காரணம் பல சமயம் இதுதான். வண்டிக் கூரையில் ஆண்டெனாவும் உள்ளே ஒரு பூஸ்டரும் வைப்பது இதற்கு ஓரளவு மருந்து. ஆனால் அமெரிக்க விதிப்படி எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான வண்டி பூஸ்டர் 50 டெசிபெல்லுக்கு மேல் பெருக்கக் கூடாது. தவிர, பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான்.

நிறுவனங்கள் வெளியிடும் வரைபடங்களை எவ்வளவு நம்பலாம்? அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் ஊழியர்கள் நிறுவனங்கள் கொடுத்த 4ஜி வரைபடங்களைச் சோதிக்க வண்டி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். 2019 டிசம்பரில் வந்த அவர்கள் அறிக்கைப்படி, வரைபடம் வாக்களித்த குறைந்தபட்ச வேகம் கிடைத்தது சோதனைகளில் 62 சதவீதத்தில்தான். பிறகு ஆணையமே 2022 நவம்பரில் புதிய வரைபடம் ஒன்றை வெளியிட்டது. அதில் வெட்டவெளியில் நிற்பவருக்கு, வண்டிக்குள் இருப்பவருக்கு என்று இரண்டு கணக்கு உண்டு. பார்க்க வேண்டியது இரண்டாவதை. முதலாவதில் பச்சையாகத் தெரியும் நெப்ராஸ்கா மணல்மேடுகளைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம்.

மலிவுச் சேவைகளின் சங்கதி இனி. இவற்றுக்குச் சொந்தக் கோபுரம் கிடையாது; மூன்று பெரிய நிறுவனங்களில் ஒன்றிடம் குத்தகைக்கு எடுத்து விற்கிறார்கள். அதே கோபுரம்தானே என்று வாதாடியவர்களில் நானும் ஒருவன். அதே கோபுரம்தான், ஆனால் வரிசை வேறு. ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் முன்னுரிமை எண் உண்டு. கூட்டம் இல்லாதபோது அது தெரியவே தெரியாது. நெரிசல் வந்தால் பெரிய நிறுவனத்தின் நேரடி வாடிக்கையாளர் முதலில், பல மலிவுத் திட்டக்காரர்கள் பின்னால். பந்தியில் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் உள்ள வித்தியாசம். கடைசியில் ரசம்தான் மிஞ்சும். இரண்டாவது இழப்பு ரோமிங். சொந்தக் கோபுரம் இல்லாத இடத்தில் பெரிய நிறுவனம் உள்ளூர்ச் சிறு நிறுவனத்தின் கோபுரத்தில் ஒண்டிக்கொள்ள ஒப்பந்தம் வைத்திருக்கும். அந்த ஒப்பந்தம் மலிவுத் திட்டங்களுக்கு அநேகமாக நீள்வதில்லை. வெலிங்டனுக்கு வடக்கே நண்பரின் கைபேசியில் ஒரு கோடு கடைசி வரை இருந்தது. என்னுடையதில் இல்லை.

பொட்டல்காட்டில் நெரிசலா என்று கேட்கலாம். ஓர் அழகான சூப்பர்செல் எழும்பினால் 50 மைல் சுற்றிலும் உள்ள அத்தனை துரத்துநர்களும் ஒரே மண்சாலைக்கு வந்துவிடுகிறார்கள். அதில் பலர் நேரலையாக வீடியோ அனுப்புகிறவர்கள். அங்கே இருப்பது ஒற்றைக் கோபுரம். அதன் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் அகலம் திசைக்கு 10 மெகாஹெர்ட்ஸ்தான்.

2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகே இறங்கிய டொர்னேடோ 4.2 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்தது. பதிவானவற்றிலேயே அகலமானது அதுதான். அன்று துரத்துநர்களின் வண்டிகளும், வீட்டை விட்டுத் தப்பி ஓடிய நகரவாசிகளின் வண்டிகளும் சாலைகளை அடைத்துக்கொண்டன. கிழக்கு-தென்கிழக்காகப் போய்க்கொண்டிருந்த சுழல் திடீரென வடகிழக்காகத் திரும்பி வேகமெடுத்தது. டிம் சமாராஸ், அவர் மகன் பால், அவர்களுடைய கூட்டாளி கார்ல் யங் மூவரும் வண்டியோடு மாண்டார்கள். சமாராஸ் விளையாட்டாகத் துரத்தியவர் அல்லர். 2003-இல் தெற்கு டகோட்டாவில் டொர்னேடோ வரும் பாதையில் கருவியை வைத்து, அதனுள் 100 மில்லிபார் அழுத்தச் சரிவை அளந்து காட்டிய பொறியாளர். நெட் கிடைக்காததால் அவர் இறந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மாலை நடந்த மாற்றம் ரேடார் ஒரு சுற்று முடிக்கும் நேரத்துக்குள் நடந்தது. எந்த சிம்மும் அதை முன்கூட்டிக் காட்டியிருக்காது.

முன்பு இந்தத் தேர்வு வேறு மாதிரி இருந்தது. 2000-களில் சமவெளித் துரத்துநர்களின் செல்லப் பிள்ளை ஆல்டெல். நகரத்தில் சீந்தப்படாத அந்த நிறுவனத்துக்குக் கான்சஸ், ஓக்லஹோமா வயல்களில் கோபுரங்கள் இருந்தன. 2009 ஜனவரியில் வெரைசன் அதை வாங்கியது. ஸ்பிரிண்ட் 2020-இல் டி-மொபைலோடு கலந்தது, யு.எஸ். செல்லுலரின் செல்பேசிச் சேவையும் 2025 ஆகஸ்டில் அதே டி-மொபைலிடம் போய்ச் சேர்ந்தது. ஆக, நாடு தழுவிய பெரியவர்கள் மூவர். நெப்ராஸ்கா, கிழக்குக் கொலராடோ பக்கம் வயேரோ போன்ற வட்டார நிறுவனங்களும் இருக்கின்றன. அங்கேயே வசிப்பவருக்கு அவை நல்லவை.

மூவரில் யார்? ஒருவரும் தனியாகப் போதாது என்பதுதான் நான் வந்து சேர்ந்த முடிவு. மூவரின் ஓட்டைகளும் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. இரண்டு சிம் ஒரே நேரத்தில் இயங்கும் கைபேசிகள் இப்போது சாதாரணம். ஐஃபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் தட்டையே எடுத்துவிட்டார்கள், எல்லாம் இ-சிம். நான் வெரைசனை நேரடித் திட்டமாகவும், ஏடி அண்ட் டியை மே, ஜூன் மாதங்களுக்கு மட்டும் முன்கட்டணத் திட்டமாகவும் வைத்திருக்கிறேன். மீட்புப் பணியாளர்களுக்கென்று ஏடி அண்ட் டி கட்டிய ஃபர்ஸ்ட்நெட் வலையமைப்பால் நாட்டுப்புறத்தில் அதன் கோபுரங்கள் கூடியிருக்கின்றன. அவசரப் பணியாளர்களுக்குத் தேவைப்படாத நேரத்தில் அந்தப் பட்டை நம்மைப் போன்றவர்களுக்கும் கிடைக்கும். தேவைப்படும்போது நாம் விலகி நிற்க வேண்டியதுதான், அது நியாயமும் கூட. நண்பர் டி-மொபைல். இருவர் போகும் வண்டியில் இருவரும் ஒரே நிறுவனத்தை வைத்திருப்பது போன்ற மடமை வேறில்லை.

செயற்கைக்கோளும் வந்துவிட்டது. 2024-இல் வந்த ஸ்டார்லிங்க் மினியைக் கூரையில் ஒட்டிக்கொண்டு பலர் திரிகிறார்கள். அது 11, 12 ஜிகாஹெர்ட்ஸ் அருகே இயங்குவதால் அங்கே மழை உண்மையாகவே எதிரி; கொட்டும் மழையின் நடுவில் தடுமாறும். டி-மொபைலின் செயற்கைக்கோள் சேவை 2025 ஜூலையில் குறுஞ்செய்தியோடு தொடங்கியது. பள்ளத்தில் வண்டி சிக்கிக்கொண்டால் "இங்கே இருக்கிறேன்" என்று சொல்ல அது போதும்.

இணையமே இல்லாத இரண்டு வழிகளை இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் மதிக்கக் கற்றேன். ஒன்று, 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகளில் இரவு பகலாகப் பேசும் வானிலை வானொலி. இன்னொன்று, கைபேசிக்கு அலறிக்கொண்டு வரும் அவசர எச்சரிக்கை. இது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வருவதல்ல; கோபுரம் ஒரே முறை ஒலிபரப்ப, கேட்கும் தூரத்திலுள்ள எல்லாக் கைபேசிகளும் பிடித்துக்கொள்கின்றன. எனவே தரவு நெரிசலில் திணறும் கோபுரத்திலிருந்தும் அது வந்துவிடும்.

அடுத்த வருடம் அதே 83-ஆம் எண் சாலையில் மறுபடி போனோம். ஆற்றுப் பாலம் வருவதற்கு முன்பே நண்பர் வண்டியை ஓரம் கட்டி, "படத்தில் மணி எத்தனை?" என்றார். சொன்னேன். ஜன்னலை இறக்கி மேற்கே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகுதான் கியரைப் போட்டார்.