கிளட்ச் கோளாறுகள்: பிரிக்கும் முன் அறிய வேண்டியவை

மோட்டார் வண்டியின் உறுப்புகளுள், ஓட்டுபவரின் கண்ணில் படாமலே தேய்ந்து வருவது கிளட்ச் ஆகும். அதைக் காண வேண்டுமாயின் கியர் பெட்டியைக் கழற்ற வேண்டும். பழைய வண்டியில் இஃது ஒரு நாள் வேலை. ஆயினும், பிரித்த பின்பு கிளட்ச் தட்டு நல்ல நிலையில் இருப்பதும், குறை வெளியில் உள்ள ஒரு திருகாணியின் சரிசெய்தலிலேயே இருந்தது என்று தெரிய வருவதும் உண்டு. பொருளும் உழைப்பும் வீணாகாதிருக்க, வெளிக்குறிகளைக் கொண்டு உட்காரணத்தை அறியும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடுத்துக்காட்டாக அம்பாசிடர் வண்டியைக் கொள்வோம். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை அடிப்படையாகக் கொண்ட இது, மேற்கு வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை உற்பத்தி செய்யப்பட்டது. உற்பத்தி நின்ற பின்னரும் இவ்வண்டியைப் பேணி வருவோர் உளர். கீழே கூறப்படுபவை இதற்கும், இதன் காலத்திய ஏனைய வண்டிகளுக்கும் பொதுவாகப் பொருந்தும்.

உராய்வின் பணி

என்ஜினின் பின்முனையில் கனத்த ப்ளைவீல் சுழல்கிறது. அதற்கும் வில்களால் தள்ளப்படும் அழுத்தத் தட்டுக்கும் இடையே, இருபுறமும் உராய்வுப் பட்டை ஒட்டிய கிளட்ச் தட்டு நெருக்கப்பட்டுள்ளது. இவ்வுராய்வின் வாயிலாகவே என்ஜினின் முறுக்கு விசை கியர் பெட்டியை அடைகிறது. பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் முன்னே நகர்ந்து நெம்புகோல்களை அழுத்துகிறது. அழுத்தத் தட்டு பின்வாங்க, கிளட்ச் தட்டு விடுபடுகிறது.

தட்டு வழுக்கும்போதெல்லாம் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. 1,200 கிலோகிராம் எடையுள்ள வண்டி சமதளத்தில் புறப்பட்டு, கிளட்ச் முற்றும் பற்றும் நேரத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் அடைவதாகக் கொள்வோம். அது பெறும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 10,000 ஜூல். அத்தருணத்தில் என்ஜினின் வேகம் மாறாதிருப்பின், ஏறத்தாழ அதே அளவு ஆற்றல் கிளட்ச்சில் வெப்பமாகிறது. இதை வார்ப்பிரும்பு எளிதில் தாங்கும். ஆனால் பத்துக்கு ஒன்று என்னும் சரிவில், கைப்பிரேக்கைப் பயன்படுத்தாமல், கிளட்ச்சைப் பாதி விட்டே வண்டியை நிறுத்தி வைப்பவர், ஏறக்குறைய 3 கிலோவாட் வெப்பத்தை இடைவிடாது உண்டாக்குகிறார். 1,000 வாட் மின்னடுப்புகள் மூன்றைக் கிளட்ச் உறைக்குள் எரிப்பதற்கு இது சமம். பட்டை கருகுவதில் வியப்பில்லை.

இரு எதிரெதிர்க் குறைகள்

கிளட்ச் நோய்களுள் முதன்மையானவை இரண்டு: பற்றாமை, விடுபடாமை. ஒன்றின் பரிகாரம் மற்றதற்குக் கேடாகுமாதலால், இவற்றை வேறு பிரித்து அறிதல் இன்றியமையாதது.

மேட்டில் ஏறுகையில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் என்ஜின் இரைகிறது. வண்டியின் வேகமோ உயரவில்லை. கருகல் நாற்றமும் எழுகிறது எனில், கிளட்ச் பற்றவில்லை என்பது பொருள். இதை உறுதி செய்ய, சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துக் கைப்பிரேக்கை இழுத்து, உச்ச கியரில் சிறிது வேகம் கொடுத்து, பெடலை மெல்ல விட வேண்டும். கிளட்ச் நன்றாயிருப்பின் என்ஜின் உடனே நின்றுவிடும். நில்லாது ஓடினால் தட்டு வழுக்குகிறது. இச்சோதனை சில விநாடிகளுக்கு மேற்படலாகாது. வண்டியின் முன்னும் பின்னும் எவரும் நிற்கலாகாது.

மாறாக, பெடலை முழுதும் மிதித்தும் கியர் கரகரவென்று உரசுமாயின், கிளட்ச் விடுபடவில்லை எனலாம். என்ஜின் மெதுவாக ஓடுகையில் பெடலை மிதித்துச் சில விநாடி பொறுத்து ரிவர்ஸ் கியரைப் போட்டுப் பார்த்தால் இக்குறை நன்கு புலப்படும்.

முதலில் பெடலை நோக்குக

கம்பியாலோ தண்டாலோ இயங்கும் கிளட்ச்சில், பெடல் எதிர்ப்பின்றிச் சிறிது தூரம் இறங்கிய பின்னரே உள்ளே வேலை தொடங்க வேண்டும். பட்டறைகளில் ‘பிளே’ எனப்படும் இத்தளர்வு, பழைய வண்டிகள் பலவற்றில் சுமார் 20 முதல் 25 மில்லிமீட்டர்; சரியான அளவை அவ்வண்டியின் கையேட்டிலிருந்து அறிக. தளர்வு மிகுந்தால் கிளட்ச் முற்றும் விடுபடாது. தளர்வே இல்லையெனில் ரிலீஸ் பேரிங் ஓயாது அழுந்தி, தட்டு வழுக்கும்.

இங்கே ஓர் உண்மையை நினைவிற் கொள்ள வேண்டும். பட்டை தேயத் தேயத் தளர்வு அதிகரிப்பதில்லை, குறைகிறது. அழுத்தத் தட்டு ப்ளைவீலை நெருங்குவதால், நெம்புகோல்களின் உள்முனைகள் பேரிங்கை நோக்கிப் பின்வாங்குவதே காரணம். ஆகவே, மாதந்தோறும் தளர்வை அளந்து சரி செய்பவரின் கிளட்ச் நீடித்து உழைக்கும். சரி செய்த பின்னும் வழுக்கினால், பட்டை தேய்ந்திருக்கலாம் அல்லது அதில் எண்ணெய் படிந்திருக்கலாம். கிளட்ச் உறையின் அடியில் எண்ணெய்க் கசிவு காணின் முதலில் கசிவை நிறுத்துக. அன்றேல் புதுத் தட்டும் விரைவில் பாழாகும்.

திரவ அழுத்தத்தால் இயங்கும் கிளட்ச் விடுபடாவிடில், கலத்தில் திரவம் குறைந்துள்ளதா, சிலிண்டர்களில் கசிவுண்டா, குழாயில் காற்று புகுந்துள்ளதா எனக் காண்க. குறித்த பிரேக் திரவத்தையன்றி என்ஜின் எண்ணெயை ஊற்றினால் ரப்பர் வளையங்கள் உப்பிக் கெடும்.

ஓசையும் ஒரு குறியே. பெடலை மிதிக்கும்போது மட்டும் எழும் ஓசை பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்கினுடையது. நியூட்ரலில் எழுந்து, பெடலை மிதித்ததும் அடங்கும் ஓசை கியர் பெட்டியின் முன் பேரிங்கினுடையதாக இருக்கலாம். புறப்படுகையில் வண்டி அதிர்ந்தால், கிளட்ச்சைக் குறை கூறுமுன் என்ஜினைத் தாங்கும் ரப்பர்களைச் சோதிப்பது நன்று.

பிரிக்கும்போது

பிரித்தே ஆக வேண்டுமெனில், ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் எவரும் செல்லலாகாது. உறுதியான தாங்கிகள் வேண்டும். கியர் பெட்டியின் பளு கிளட்ச் தட்டின் நடுக்குழலில் தொங்கினால் தட்டு வளையும். அழுத்தத் தட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாகத் தளர்த்துக. ப்ளைவீலில் வெடிப்போ ஆழ்ந்த கீறலோ இருப்பின் முதலில் அதைச் சீர் செய்க. புதுத் தட்டை முன்பின் மாறாமல் வைத்து, கியர் பெட்டித் தண்டு போன்ற அச்சால் நடுவில் நிறுத்திய பின்னரே போல்ட்டுகளை இறுக்க வேண்டும். ரிலீஸ் பேரிங்கையும் உடன் மாற்றுவது சிக்கனமாகும். பழைய பிரிட்டிஷ் வடிவ வண்டிகள் பலவற்றில் இது கிராபைட்டால் ஆகித் தேய்வதாகும்.

இவ்வனைத்தினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. பழைய உராய்வுப் பட்டைகளில் வெப்பந்தாங்கும் பொருட்டு ஆஸ்பெஸ்டாஸ் சேர்க்கப்பட்டது. உறைக்குள் படிந்துள்ள கரிய தூளில் அதன் நுண்ணிழைகள் இருக்கக்கூடும். அவை நுரையீரலில் தங்கி, பல்லாண்டு கழித்து ஆஸ்பெஸ்டோஸிஸ், புற்றுநோய் ஆகியவற்றை உண்டாக்க வல்லவை. அத்தூளைக் காற்றுக் குழாயால் ஊதுவதும், உலர்ந்த தூரிகையால் தட்டுவதும் அறவே தவிர்க்கத் தக்கவை. நீரால் நன்கு நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அத்துணியைப் பையில் இட்டுக் கட்டி அப்புறப்படுத்துக. நுண்ணிழைகளைத் தடுக்கும் சுவாசக் கவசம் அணிக. முகத்தில் கட்டிய கைக்குட்டை போதாது. தொழில் பயிலும் இளைஞரை வெறும் கையோடும் வெறும் மூச்சோடும் இவ்வேலையில் ஏவலாகாது.

பெடலில் காலை ஊன்றியே ஓட்டாதிருத்தல், சரிவில் கைப்பிரேக்கைக் கொள்ளுதல், மாதம் ஒருமுறை தளர்வை அளத்தல் ஆகிய மூன்றும் செலவில்லாதவை. இவற்றைக் கடைப்பிடிப்பவர் கியர் பெட்டியை இறக்கும் நாளை நெடுங்காலம் தள்ளி வைப்பார். அந்நாள் வரும்போது, பட்டறையில் உள்ளவரின் மூச்சையும் காப்பாராக.