பந்தயக் குதிரையின் கால் ஏன் முறிகிறது?

பந்தயத் திடலில் ஒரு குதிரையின் கால் முறியும்போது, அதைக் கணப்பொழுதில் நேர்ந்த விபத்தென்றே காண்போர் எண்ணுகின்றனர். ஆனால் அவ்வாறு மாண்ட குதிரைகளைக் கூறாய்வு செய்த கலிபோர்னியக் கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள், முறிந்த எலும்புகளில் பெரும்பாலானவற்றில் அதற்கு முன்பே தோன்றிய நுண்விரிசல்களைக் கண்டனர். எலும்பு உயிருள்ள திசு ஆகையால், ஓட்டத்தின் அழுத்தத்தால் பழுதான பகுதியை முதலில் கரைத்து நீக்கிவிட்டு, பின்னரே புதிய எலும்பால் நிரப்புகிறது. நீக்கம் விரைவாக நடக்க, நிரப்புதல் மாதக்கணக்கில் நீள்கிறது. நலிவுற்றிருக்கும் அந்த இடைக்காலத்தில் கடும் பயிற்சி தொடர்ந்தால் விரிசல் முறிவாகிறது. நீண்ட ஓய்வுக்குப் பின் அவசரமாக வேகப் பயிற்சிக்குத் திரும்பும் குதிரைகளுக்குத் தோளுக்குக் கீழுள்ள எலும்பு முறிவதும் இதனால்தான்.

முறிவு எங்கே நிகழும் என்பதைக் குதிரையின் இனமும் நடையும் பெரிதும் தீர்மானிக்கின்றன. சுமார் 450 முதல் 500 கிலோ எடையுள்ள தோரோபிரெட் குதிரை பாய்ந்தோடுகையில், உடல் முழுவதையும் ஒற்றைக் கால் தாங்கும் கணங்கள் உண்டு. அப்போது அதன் எடையைப் போல இரு மடங்குக்கும் மிகுதியான விசை குளம்புக்கு மேலுள்ள கணுமூட்டில் இறங்குகிறது. 1975இல் நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க்கில் ரஃபியன் என்ற பெண்குதிரைக்கு நொறுங்கியவை அம்மூட்டின் பின்புறமுள்ள சிறு எலும்புகளே. முறிவைச் சரிசெய்தாலும் ஆபத்து நீங்குவதில்லை. 2006இல் பின்னங்கால் முறிந்த பார்பரோ என்ற குதிரைக்கு அறுவை சிகிச்சை நடந்தபோதிலும், சுமை இடம் மாறியதால் மற்றக் கால்களின் குளம்புத் திசுக்கள் அழற்சியுற்று, 2007 ஜனவரியில் அதைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது.

இரு சக்கர வண்டியை இழுத்தோடும் ஸ்டாண்டர்ட்பிரெட் இனத்தில் எடையை இரண்டிரண்டு கால்கள் பகிர்வதால் உயிர்பறிக்கும் முறிவு குறைவு. தசைநாண்களும் கணுமூட்டைத் தாங்கும் நார்களும் நைந்துபோவதே அங்கு மிகுதி. ஏறத்தாழ 400 மீட்டரை ஒரே மூச்சில் கடக்கும் குவார்ட்டர் குதிரைக்கு முன்னங்கால் முட்டி பாதிக்கப்படுகிறது. 160 கிலோமீட்டர் வரை நீளும் தாங்குதிறன் போட்டிகளில் ஓடும் அராபியக் குதிரைகளை நொண்டலோடு நீரிழப்பும் உப்புச் சத்துக் குறைவும் வீழ்த்துகின்றன.

விரிசல் முன்பே இருக்குமாயின் அதை முன்பே கண்டறியவும் இயலும். மயக்க மருந்தின்றி, நின்ற நிலையிலேயே குதிரையின் கணுமூட்டைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் கருவி 2019இன் இறுதியில் கலிபோர்னியாவின் சாந்தா அனிட்டா பந்தயத் திடலில் நிறுவப்பட்டது. அமெரிக்கத் தோரோபிரெட் பந்தயங்களில் 2009இல் ஆயிரம் ஓட்டங்களுக்கு 2.00 என்றிருந்த உயிரிழப்பு 2023இல் 1.32 ஆகக் குறைந்திருக்கும்போது, எஞ்சியவற்றை விதியென்று ஒதுக்குவதற்கு நியாயமில்லை.