செங்கல் வீட்டுக்குள் கறையான்

சிட்னியில் வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் வீடு தேடும் நம்மவர்கள் பலர், செங்கல் சுவரைப் பார்த்ததும் கறையான் பயம் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தச் செங்கல் பெரும்பாலும் வெறும் மேல்சட்டை. கூரையைத் தாங்குவது உள்ளே நிற்கும் மரச்சட்டம். கறையான் தேடி வருவதும் அதைத்தான்.

ஆஸ்திரேலிய வீடுகளை அதிகம் அழிப்பது காப்டோடெர்மிஸ் அசினாசிஃபார்மிஸ் என்ற இனம். யூகலிப்டஸ் மரத்துக்குள் கூடு. அங்கிருந்து மண்ணுக்கடியில் 50 மீட்டர் தாண்டியும் வரும். வேலைக்காரக் கறையானுக்குக் கண் தெரியாது, தோலோ மெல்லியது, காற்றுப் பட்டாலே காய்ந்துவிடும். அதனால் மண்ணையும் எச்சிலையும் குழைத்துக் குழாய் கட்டி அதற்குள்ளேயே நடக்கிறது. மரத்தின் உள்ளே தின்றுவிட்டு மேலே பெயிண்டை மட்டும் விட்டுவைக்கும்.

ஆகவே பெஸ்ட் இன்ஸ்பெக்டர் முதலில் ஈரத்தைத் தேடுவார். ஏசி தண்ணீர் சுவரோரம் சொட்டுகிறதா, ஷவர் கசிகிறதா என்று பார்ப்பார். தோட்ட மண் கான்கிரீட் தளத்தின் விளிம்பை மூடியிருந்தால் முகம் சுளிப்பார். ஏறிவரும் மண்குழாய் கண்ணில் பட அந்த விளிம்பு 75 மில்லிமீட்டராவது வெளியே தெரிய வேண்டும். உயர்த்திக் கட்டிய பழைய வீடென்றால் டார்ச்சோடு தரைக்கடியில் தவழ்வார். உள்ளே, குமிழ் வைத்த கோலால் கதவு நிலையையும் சுவரடிப் பலகையையும் தட்டிக்கொண்டே போவார். 'டக் டக்' என்ற சத்தம் ஓரிடத்தில் பொள்ளலாகக் கேட்டால் நின்று, ஈரம் அளக்கும் மீட்டரை அங்கே வைப்பார். சிலர் டெர்மாட்ராக் ரேடாரும் வைத்திருப்பார்கள். சுவருக்குள் பூச்சி அசைந்தால் காட்டிக்கொடுக்கும்.

என்றாலும், ஏஎஸ் 4349.3 தரநிலைப்படி இது கண்ணால் பார்க்கும் சோதனைதான். சுவரை உடைக்க மாட்டார், கார்பெட்டைக் கிளப்ப மாட்டார், பீரோவை நகர்த்த மாட்டார். அறிக்கை வந்ததும் எல்லோரும் படங்களைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது 'பார்க்க இயலாத இடங்கள்' பட்டியல். பரண் கதவு திறக்கவில்லை, கராஜ் முழுக்கச் சாமான் என்று அது நீண்டால், அவற்றைத் திறந்து ஒழித்துத் தரும்படி ஏஜென்டிடம் கேட்டு மறுபடி பார்க்கச் சொல்லலாம்.

வழக்கமான வீட்டுக் காப்பீடு கறையான் சேதத்துக்குப் பணம் தராது. ஒப்பந்தம் ஆனபின் மனம் மாறினால், சிறு தொகையை இழந்து விலகிக்கொள்ள நியூ சவுத் வேல்ஸில் 5 வேலை நாள், விக்டோரியாவில் 3 வேலை நாள் அவகாசம் உண்டு. ஏலத்தில் எடுத்தால் அதுவும் கிடையாது. சனிக்கிழமை ஏலமென்றால் வெள்ளிக்குள் சோதனை முடிந்திருக்க வேண்டும். வீடு வேறொருவர் கைக்குப் போனால் அந்தச் செலவு நம்முடையது.