பதுங்கு குழிகள் உண்டு, ஊராட்சிகள் இல்லை

புதுதில்லி: 2025-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதி இரவு 8 மணிக்குத் தலைநகரின் மையப் பகுதியில் 15 நிமிடங்களுக்கு விளக்குகள் அணைக்கப்பட்டன. நாடெங்கும் 244 குடிமைப் பாதுகாப்பு மாவட்டங்களில் போர்க்கால ஒத்திகை நடத்துமாறு மத்திய உள்துறை அமைச்சகம் ஆணையிட்டிருந்தது. தில்லிவாசிகளில் பலர் மொட்டை மாடிக்குச் சென்று இருண்ட நகரத்தை வேடிக்கை பார்த்தனர்.

அன்று விடிவதற்கு முன்பே ஜம்மு-காஷ்மீரின் பூஞ்ச் நகரில் ஒத்திகைக்கு வேலையில்லாமல் போயிருந்தது. பஹல்காமில் ஏப்ரல் 22-ஆம் தேதி 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதற்குப் பதிலடியாக, இந்தியா "ஆபரேஷன் சிந்தூர்" தாக்குதலைத் தொடங்கிய சிறிது நேரத்தில், எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அப்பாலிருந்து பீரங்கிக் குண்டுகள் பூஞ்ச் மீது விழத் தொடங்கின. வீடுகள், கடைத்தெரு, குருத்வாரா, பள்ளிப் பகுதி என எதுவும் தப்பவில்லை. பூஞ்ச் மாவட்டத்தில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் உயிரிழந்தனர். கிடைத்த வாகனங்களில் ஏறி மக்கள் நகரைவிட்டு வெளியேறினர். அவ்வாறு வெளியேறும் வழியிலேயே ஒரு சிறுவன் குண்டுச் சிதறலுக்குப் பலியானான்.

நகர மக்கள் ஓடி ஒதுங்குவதற்குப் பொதுப் பதுங்கு குழிகள் இல்லை என்பது அன்றுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு அது புதிய செய்தி அல்ல.

பதுங்கு குழிகளுக்கென்று பெரியதொரு திட்டம் இல்லாமல் இல்லை. 2017-ஆம் ஆண்டின் இறுதியில் ஜம்மு, சம்பா, கதுவா, ரஜௌரி, பூஞ்ச் ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கு 14,460 பதுங்கு குழிகளை ரூ. 415.73 கோடி செலவில் கட்ட மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. இவற்றில் 13,029 தனி வீடுகளுக்கானவை. 160 சதுர அடி பரப்புள்ள இவற்றில் 8 பேர் தங்கலாம். எஞ்சிய 1,431 சமுதாயப் பதுங்கு குழிகள். 800 சதுர அடி பரப்பு, 40 பேருக்கு இடம். எந்த வகையானாலும் ஒருவருக்குக் கிடைப்பது 20 சதுர அடி, அதாவது ஒரு பாயை விரிக்கும் இடம்.

இந்த எண்ணிக்கை மாவட்டங்களுக்குப் பிரிக்கப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. சம்பாவுக்கு 2,515 தனிப் பதுங்கு குழிகள் ஒதுக்கப்பட, சமுதாயப் பதுங்கு குழிகள் வெறும் எட்டு. பூஞ்சில் நிலைமை நேர்மாறு. தனிக் குழிகள் 1,320, சமுதாயக் குழிகள் 688. ஐந்து மாவட்டங்களிலும் சேர்த்துள்ள சமுதாயக் குழிகளில் ஏறத்தாழ பாதி பூஞ்சுக்குத்தான். அனைத்தும் ஒன்று விடாமல் கட்டி முடிக்கப்பட்டாலும் பூஞ்சில் 38,080 பேர் மட்டுமே ஒதுங்க முடியும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அம்மாவட்டத்தின் மக்கள்தொகை 4 லட்சத்து 76 ஆயிரத்துக்கும் அதிகம். கோட்டை ஒட்டிய கிராமங்களை மனத்தில் வைத்தே இத் திட்டம் தீட்டப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் பீரங்கிக் குண்டு திட்ட வரைபடத்தைப் பார்த்து விழுவதில்லை.

நாற்பது பேர், ஒரே கதவு

தனிப் பதுங்கு குழி வீட்டுச் சொத்து. அதைப் பெருக்குவதும் பூட்டுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. சமுதாயக் குழி அப்படியன்று. அது யாருடைய மனையில் வரும், எந்த வீட்டிலிருந்து எத்தனை அடி நடக்க வேண்டும், இரவில் சாவி யாரிடம் இருக்கும், முதியவர்களை யார் தூக்கி வருவது என்பவை பொறியாளரின் வரைபடத்தில் இடம் பெறாதவை.

ஜம்மு சமவெளியில் வீடுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. இருநூறு அடி தூரம் என்றால் இருநூறு அடிதான். பூஞ்ச் மலைச்சரிவில் குஜ்ஜர், பஹாரி குடியிருப்புகள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. அங்கே இருநூறு அடி என்பது இருட்டில் ஓர் ஏற்றம், நடுவில் ஓர் ஓடை. எந்தச் சரிவு எதிர்முனைக் காவல் அரணின் பார்வையில் படுகிறது, எது மறைவானது என்பது அங்கே ஆடு மேய்க்கும் சிறுவனுக்குக்கூடத் தெரியும். அவனிடமோ அவன் வீட்டாரிடமோ கேட்காமல் இடம் தேர்ந்தெடுப்பதானால், எளிதாகக் கிடைக்கும் புறம்போக்கு நிலமே இடமாகிவிடும்.

கால்நடைகள் விஷயம் தனி. எருமையை விட்டுவிட்டு எந்தக் குடும்பமும் முழுமையாகப் பதுங்கு குழிக்கு வந்துவிடாது. ஒருவராவது தொழுவத்தின் பக்கம் நிற்பார். நாற்பது பேருக்கு இடம் ஒதுக்கிய கணக்கில் தொழுவத்துக்கு இடமில்லை.

2021 பிப்ரவரி 25-ஆம் தேதி இரு நாட்டு ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்களும் போர் நிறுத்தத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பதாகக் கூட்டாக அறிவித்தபின் எல்லையில் அமைதி திரும்பியது. பதுங்கு குழிகள் மறக்கப்பட்டன. பலவற்றில் மழைநீர் தேங்கியது. சிலவற்றில் விறகும் வைக்கோலும் அடுக்கப்பட்டன. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, 2025 ஏப்ரல் இறுதியில், ஆர்.எஸ். புரா, அர்னியா பகுதிகளிலும் பூஞ்சின் சலோத்ரி போன்ற கிராமங்களிலும் மக்களே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கினர். புதர்களை வெட்டினர், தண்ணீரை இறைத்தனர், படுக்கைகளைக் கொண்டுபோய் வைத்தனர். எந்த ஆணைக்காகவும் அவர்கள் காத்திருக்கவில்லை.

வைக்கோல் அடுக்கியதைக் குற்றமாகச் சொல்லும் அதிகாரிகள் உண்டு. அது முழு நியாயமன்று. நான்கு ஆண்டுகள் பூட்டிக் கிடக்கும் அறையில் பாம்பு குடியேறும். நாள்தோறும் யாரேனும் நுழையும் அறை காய்ந்திருக்கும். அமைதிக் காலத்தில் அந்த இடத்தைக் கிடங்காகவோ மாணவர்களின் படிப்பறையாகவோ பயன்படுத்தலாமா, சங்கு ஒலித்தால் யார் காலி செய்வது என்பதையெல்லாம் ஊர் கூடி முடிவு செய்திருக்கலாம். ஊர் எங்கே கூடுவது என்பதுதான் கேள்வி.

இரு முறையும் இல்லை

ஜம்மு-காஷ்மீரில் 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2016-இல் முடிந்தது. அடுத்த தேர்தல் 2018 நவம்பர்-டிசம்பரில்தான் நடந்தது. பதுங்கு குழித் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது இந்த இடைவெளியில். 2018-இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2024 ஜனவரி 9-ஆம் தேதி முடிவுற்றது. அதே ஆண்டு சட்டப்பேரவைத் தேர்தல் நடந்தது, புதிய அரசும் அமைந்தது. ஊராட்சித் தேர்தல் நடக்கவில்லை. 2025 மே மாதத்தில் குண்டுகள் விழுந்தபோது எல்லைக் கிராமங்கள் எதிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவியில் இல்லை. நகராட்சிகளின் பதவிக்காலம் அதற்கும் முன்னதாக, 2023-இன் இறுதியிலேயே முடிந்திருந்தது.

ஆக, எங்கே கட்டுவது என்று முடிவு செய்ய வேண்டிய நேரத்திலும் மக்களுக்குச் சட்டபூர்வமான மன்றம் இல்லை. கட்டியதைப் பயன்படுத்த வேண்டிய நேரத்திலும் இல்லை. நல்லெண்ணம் கொண்ட அதிகாரிகள் சில ஊர்ப் பெரியவர்களைக் கலந்திருக்கலாம். பெரியவர்கள் என்றால் பெரும்பாலும் ஆண்கள், நிலம் உள்ளவர்கள். குண்டு விழும் இரவில் பிள்ளைகளோடு அங்கே அடைந்து கிடக்கப்போகும் பெண்களிடம் கழிப்பறை எங்கே வேண்டும் என்று கேட்கும் வழக்கம் நம் அரசு அலுவலகங்களில் அரிது.

ஜம்மு-காஷ்மீரின் 1989-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தில் கிராம சபைக்கு "ஹல்கா மஜ்லிஸ்" என்று பெயர். 2019-இல் சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்டபின் அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தமும் அங்கே முழுமையாகப் பொருந்தும். அத் திருத்தத்தோடு வந்த பதினோராம் அட்டவணையில் ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்கள் உள்ளன. கடைசியானது சமுதாயச் சொத்துகளைப் பராமரித்தல். பாதுகாப்பு மத்திய அரசின் அதிகாரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ராணுவத்தின் அரண் வேறு, ஊர்மக்களின் பதுங்கு குழி வேறு. பின்னது ஊர்க் கிணற்றையும் சாவடியையும் போன்ற பொதுச் சொத்து.

2025 மே 30-ஆம் தேதி பூஞ்ச் சென்ற உள்துறை அமைச்சர் அமித் ஷா, இதுவரை 9,500-க்கும் மேற்பட்ட பதுங்கு குழிகள் கட்டப்பட்டிருப்பதாகவும், மேலும் கட்டப்படும் என்றும் தெரிவித்தார். அறிவிப்பு வரவேற்கத்தக்கதே. 2017 திட்டத்தின் சராசரிப்படி ஒரு பதுங்கு குழிக்கு ஆகும் செலவு மூன்று லட்ச ரூபாய்க்கும் குறைவு. தில்லியில் ஒரு கருத்தரங்குக்கு இதைவிட அதிகம் செலவாகும்.

புதிய குழிகளுக்கான கோப்பு மாவட்டத் துணை ஆணையரின் மேசைக்கு வருமுன் ஹல்கா மஜ்லிஸின் தீர்மானம் ஒன்றை இணைக்க வேண்டும் என விதி செய்வதற்குக் கூடுதல் நிதி எதுவும் தேவையில்லை. தேர்தலை உரிய காலத்தில் நடத்தினால் போதும். நகருக்குள் என்றால் நகராட்சி வார்டுக் கூட்டத்தின் தீர்மானம். அதில் எழுத வேண்டியவையும் சிலவே: மனை யாருடையது, மழைநீர் எந்தப் பக்கம் வடியும், வைக்கோல் வைப்பதானால் எந்த மூலையில், சாவி எந்த வீட்டில்.